மாலை இலவசம்

சுவிட்சைப் போட்டது கிறிஸ்துதாஸ்தான். அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. முத்தியால்பேட்டை மாடி ஹாலில் அத்தனை ஜனமும் பார்த்துக்கொண்டிருக்க, தன் சொந்த ஆள்காட்டி விரலால், முகத்தில் அடக்கமான ஒரு புன்னகையோடு போட்டார். போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கொண்டுவந்த படத்தை மேடையோரம் சாத்திவிட்டு, ஒரு ஜிலேபியை வாயில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கியிருந்தால் அவரும் தப்பித்திருப்பார், ஒரு கல்யாணமும் தப்பித்திருக்கும். ஆனால் தான் செய்த வேலையைத் தானே திறந்து காட்டி, நாலு பேர் முகம் மாறுவதைப் பார்க்காவிட்டால் அவருக்கு அன்றைய சோறு இறங்காது. முகங்கள் மாறத்தான் செய்தன.

அப்போதுதான் நிச்சயத் தட்டு மாற்றி முடிந்திருந்தது. மேடையில் பெண் நிரோஜா பச்சைப் பட்டில் தலைகுனிந்திருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை சிலம்பரசன், புதுச் சட்டையின் மடிப்பு கலையாமல். பெண்ணின் அம்மா தவமலர், நெற்றியில் குங்குமமும் தலையில் பூவுமாக, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, "இதில வையுங்கோ அண்ணை" என்றாள். கிறிஸ்துதாஸ் பழுப்புக் காகிதத்தைக் கிழித்தார். கிழித்த கையோடு ஒயரைச் சொருகினார்.

சட்டத்தின் உச்சியில் சிவப்பு ஜீரோ வாட் பல்பு எரிந்தது. அதன் வெளிச்சத்தில் சந்தன மணி மாலை மின்னியது. மாலைக்கு நடுவே முப்பது வயதுக்காரன் ஒருவன். அவனுக்குக் கீழே தங்க எழுத்தில் தோற்றம் ஒரு வருஷம், மறைவு ஒரு வருஷம்.

முன்வரிசைக் கிழவர் ஒருவர் பழக்கதோஷத்தில் எழுந்து கும்பிட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். அதற்குள் தவமலர் ஒயரைப் பிடுங்கிவிட்டாள்.

இந்த இடத்தில் கிறிஸ்துதாஸின் தொழில் தர்மத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவரை முழு முட்டாள் என்று நினைத்துவிடுவீர்கள். முக்கால் முட்டாள்தான். முப்பது வருஷமாக முத்தியால்பேட்டையில் படம் பெரிதுபண்ணி, சட்டம் போட்டுக் கொடுக்கிறவர். உயிரோடு இருப்பவர்கள் இப்போதெல்லாம் போனுக்குள் இருக்கிறார்கள். செத்தவர்கள்தான் சுவருக்கு வருகிறார்கள். ஒரு பெண்பிள்ளை பாலிதீன் உறையில் தீப்பெட்டி அளவு படம் ஒன்றைச் சுற்றி எடுத்துவந்து, "பெரிசா வேணும்" என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கடையில் யாரும் 'செத்துவிட்டாரா' என்று கேட்பதில்லை. அது நாகரிகமில்லை. குரலைத் தாழ்த்தி, "எப்போம்மா?" என்பார். அவர்களும் தேதியைச் சொல்லுவார்கள். அவ்வளவுதான், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். இந்துவென்றால் பொட்டு, கிறிஸ்தவரென்றால் சிலுவை, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா குடும்பமென்றால் மூலையில் பிரெஞ்சுக் கொடி.

தவமலர் வந்தபோதும் அப்படித்தான் கேட்டார். பிள்ளைச்சாவடிக்கு அந்தப்பக்கம் இருக்கிற இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வருகிறவள் என்று அவள் வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. "பெரிசா வேணும் அண்ணை. பாரமில்லாமல் இருக்க வேணும். மகளின்ர நிச்சயத்துக்கு மேடையில வைக்கப்போறன்."

"எப்போம்மா?"

அவள் தெருவைப் பார்த்தாள். பஸ் ஒன்று போனது. "ரெண்டாயிரத்து எட்டு, மாசி" என்றாள்.

பாவம், அகதிப் பெண், அப்பன் இல்லாத பிள்ளையைக் கரையேற்றுகிறாள் என்று அவர் மனசு உருகிற்று. மாலையை இலவசமாகப் போட்டார். பல்பையும் இலவசமாகப் போட்டார். பாரமில்லாமல் வேண்டும் என்று அவள் சொன்னதைச் சிக்கனம் என்று எடுத்துக்கொண்டு, நல்ல தேக்கு நிறச் சட்டமும் கண்ணாடியும் பின்னால் இரண்டு கொக்கியும் போட்டார். இளகின மனசுக்காரன் கையில் பசை பாட்டிலைக் கொடுக்கக் கூடாது என்பது அவர் மனைவி ஆரோக்கியத்தின் நெடுநாள் கருத்து.

ஹாலில் தூண் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா கமலா. புருஷன் போனபிறகு நல்ல காரியம் எதிலும் முன்னால் வந்து நிற்காதவள். சற்றுமுன் தட்டைக்கூட அவளுடைய ஓரகத்திதான் வாங்கினாள்.

"சம்மந்தி, அவரு தவறிட்டாரா?"

"அவர் தவறேல்ல" என்றாள் தவமலர்.

"அப்ப எங்க இருக்காரு?"

"அங்கதான்."

"பொண்ணு கேட்டு வந்தன்னிக்கும் அங்கதான்னீங்க. அங்கன்னா எங்க? ஒரு போன் இல்ல, ஒரு பேச்சு இல்ல." கமலா கத்தவில்லை. கத்தியிருந்தால் யாராவது சமாதானப்படுத்தியிருப்பார்கள். "பத்திரிகை அடிக்கக் குடுக்கறதுக்குள்ள ஒண்ணு சொல்லிடுங்க. இருக்காருன்னா எம் புள்ளகிட்ட ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, படையல் போட்டுட்டு ஆகவேண்டியதப் பாக்கலாம். ரெண்டும் இல்லன்னா இந்தத் தட்ட நாங்க திருப்பித்தான் குடுக்கணும்."

தவமலர் கிறிஸ்துதாஸ் பக்கம் திரும்பினாள். "அண்ணை, இதைக் கொண்டுபோங்கோ." பிறகு படத்தை இன்னொரு முறை கிட்டத்தில் பார்த்தாள். "அவற்ர வாயையும் மூடிப்போட்டீங்கள்" என்றாள்.

அது உண்மை. சின்னப் படத்தில் அந்த மனிதனுக்கு வாய் லேசாகத் திறந்திருந்தது, யாரிடமோ எதையோ கேட்க எடுத்த மாதிரி. செத்தவர் வாய் திறந்திருந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று கம்ப்யூட்டரில் உதட்டை இழுத்து ஒட்டியிருந்தார் கிறிஸ்துதாஸ். எல்லோருக்கும் செய்வதுதான். ஊரிலுள்ள பாதிச் சுவர்களில் அவர் மூடிவைத்த வாய்கள் தொங்குகின்றன. இதுவரை ஒருவரும் புகார் சொன்னதில்லை.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட ஆரோக்கியம் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அரிவாள்மணையிலிருந்து எழவே இல்லை.

"உயிரோட இருக்கற மனுசனுக்கு மாலையப் போட்டுட்டு வந்திருக்கீங்க."

"உயிரோட இருக்காரான்னுதான் தெரியலையே."

"தெரியலன்னா கேக்கணும்."

"கேட்டேனே. தேதி சொன்னாளே."

"தேதி சொன்னா செத்த தேதியா? நம்ம கல்யாணத் தேதியக் கேட்டாகூட நான் பெருமூச்சு விட்டுட்டுத்தான் சொல்லுவேன். அதுக்காக எம் படத்துக்கு மாலை போட்டுடுவீங்களா?" செதில் பறந்தது. "போயி அந்தப் பொம்பளகிட்ட மன்னிப்புக் கேளுங்க. வாய வச்சிகிட்டுச் சும்மா இருங்க. ஜோக்கு கீக்கு வேணாம்."

படம் கடையில் சுவரைப் பார்த்தபடி இருந்தது. இரண்டு நாள் வேலை ஓடவில்லை. பசை தடவும்போது முதுகில் யாரோ நிற்பது போலிருந்தது. அவர் திரும்பிப் பார்ப்பார். வாய் மூடப்பட்ட அந்த மனிதன் சுவரோடுதான் இருப்பான். செத்தவர்களோடு முப்பது வருஷம் பழகிவிட்ட அவருக்கு அவர்களிடம் பயமில்லை. அவர்கள் முடிந்துபோனவர்கள், ஆணி அடித்தால் அந்த இடத்தில் இருப்பார்கள். இவனை எந்தப் பக்கம் அடுக்குவது என்றுதான் புரியவில்லை. ஆளை வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள், அப்புறம் ஒன்றும் தெரியாது என்று இலங்கைச் செய்தியை ஒரு காலத்தில் டிவியில் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, அடுத்து கிரிக்கெட் பார்த்தார். யுத்தம் முடிந்ததாகச் சொன்ன அன்று தெருமுனையில் அஞ்சலித் தட்டி வைத்தார்கள். அந்தத் தட்டிக்குக்கூட அவர்தான் சட்டம் அடித்துக் கொடுத்தார். பிறகு தட்டியை எடுத்தாயிற்று. எடுத்ததும் முடிந்துவிட்டதென்றுதான் அவரும் நினைத்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் தட்டாஞ்சாவடிக்கு ஸ்கூட்டரை விட்டார். தவமலரும் நிரோஜாவும் அங்கே ஒரு ஊதுபத்திக் கம்பெனியில் அடைக்கிற வேலையில் இருந்தார்கள். சிலம்பரசன் அடுத்த கட்டடத்து லேத் பட்டறை, அப்படித்தான் பழக்கம். சாப்பாட்டு மணி அடித்து, பெண்கள் பூவரச மரத்தடியில் டப்பாவைத் திறந்திருந்தார்கள். தெருவே மல்லிகை, சந்தன வாசனையில் மிதந்தது. கிறிஸ்துதாஸுக்குத் தன் கடைக்குள்ளேயே வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஆரோக்கியம் சொன்னதும் மறந்துபோயிற்று.

"நீங்க ஊதுபத்தி, நான் மாலை. பாத்தா நாம ஒரே தொழில்தாம்மா" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. தவமலர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இருங்கோ அண்ணை" என்று ஒரு கல்லைக் காட்டினாள்.

மன்னிப்புக் கேட்டார். அவள் தலையசைத்தாள். அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் எதிரே ஒருத்தர் முகம் வாடியிருந்தால் எதையாவது சொல்லி அதைத் தேற்றாமல் விடக்கூடிய ஆளில்லை அவர்.

"எங்க பெரியப்பா ஒருத்தர் சொல்தாவா சைகோனுக்குப் போனாரும்மா, பிரெஞ்சுக்காரன் காலத்துல. செத்துட்டாருன்னு தந்தி வந்துடுச்சு. கோயில்ல பூசை வச்சு, படத்துக்கு மாலையும் போட்டாச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் தொப்பியோட வாசல்ல வந்து நிக்கிறாரு! உள்ள வந்து, தன்னோட படத்தையே பாத்து, 'யாருடா இது, நம்மள விட அழகா இருக்கான்'னாராம். அந்த மாலையக் கழட்டித் தானே கழுத்துல போட்டுகிட்டு, காப்பி குடுங்கன்னாராம்."

தவமலரின் கை டப்பாவுக்குள் நின்றது.

"வந்தவரோ?" என்றாள்.

"வந்தாரும்மா."

"ரெண்டு வரியத்துக்குப் பிறகோ?"

அவள் கண்ணைப் பார்த்ததும் கிறிஸ்துதாஸுக்குத் தன் நாக்கைக் கத்தரித்துச் சட்டத்துக்குள் வைத்துவிடலாமா என்றிருந்தது. சிரிக்க வைக்க எடுத்த கதை, அவளுக்குள் எந்தக் கதவையோ தட்டிவிட்டது. தட்டிய சத்தம் அடங்குவதற்காகவாவது ஏதாவது பேசவேண்டும் என்று, கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, நிஜமா அவரு இருக்காரா, இல்லையா?"

அவள் டப்பாவை மூடினாள். "மணி அடிச்சிட்டுது அண்ணை." மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

ஸ்கூட்டர் வரைக்கும் நிரோஜா பின்னாலேயே வந்தாள். முகாமில் வளர்ந்த பெண். பேச்சு முழுக்க இந்த ஊர்ப் பேச்சு, கோபம் வந்தால் மட்டும் அம்மாவின் பேச்சு எட்டிப்பார்க்கும்.

"நானும் கேட்டுப் பாத்துட்டேன் அங்கிள். கேட்டா, அப்பாவுக்கு எறால் பிடிக்கும், அப்பா நல்லா சைக்கிள் ஓட்டுவாருன்னு சொல்வாங்க. பிடிக்கும்தான். பிடிச்சுதுன்னு சொல்ல மாட்டாங்க. எனக்கு அப்ப மூணு வயசு, ஒரு ஞாபகமும் இல்ல. பத்திரிகையில அமரர்னு போட்டுடலாம்மான்னேன். அன்னிக்கு அம்மா சாப்பிடல." துப்பட்டா நுனியை முறுக்கினாள். "சிலம்பு சொல்றாரு, யாரையும் கேக்க வேணாம், பதிவுக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு. அதுக்கும் அப்பா இருக்காரா இல்லையான்னு கேப்பாங்க இல்ல? எனக்கு அவங்கம்மா வேணும், எங்கம்மாவும் வேணும். என்ர விதி."

கமலா கடைக்கே வந்தாள், அடுத்த நாள். சுவரைப் பார்த்து வைத்திருந்த படத்தைத் தானே திருப்பிப் பார்த்துவிட்டு, உட்காராமல் நின்றாள்.

"இந்தத் தேதி அவங்க குடுத்ததா, நீங்களாப் போட்டதா?"

"நான் கேட்ட கேள்வி தப்பும்மா. அவங்க வேற எதுக்கோ பதில் சொன்னாங்க."

"எங்க வூட்டுக்காரரு படமும் நீங்க பண்ணதுதான். ஞாபகம் இருக்கா? மீசைய நல்லா எடுத்துக் குடுத்தீங்க."

இருந்தது. அவருக்கும் வாயை மூடியிருந்தார்.

"பெரிய பொண்ணு கல்யாணத்துல நான் எங்க நின்னேன் தெரியுமா? தூணுக்குப் பின்னாடி. நான் பெத்த பொண்ணு. தாலி கட்டறப்ப பூ போட்டாங்க, எங் கையில இருந்த பூ அங்கேயே வாடிப்போச்சு. யாரும் போன்னு சொல்லல. நானாத்தான் போனேன். அன்னிக்கு அவங்க குங்குமமும் பூவுமா நடு மேடையில நின்னாங்க. நான் பொறாமப்படல. அவரு இருக்காருன்னா நூறு வருஷம் நிக்கட்டும். இல்லன்னா, எனக்கு மட்டும் ஏன் தூணு?" முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நான் கெட்டவ இல்ல, அண்ணே. எனக்கு ஒரே ஒரு வார்த்த வேணும். அவ்வளவுதான்."

கிறிஸ்துதாஸ் அன்றைக்கு ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. ஆரோக்கியம் கேள்விப்பட்டிருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பாள்.

தவமலர் வந்தது சனிக்கிழமை சாயங்காலம், ஷிப்ட் முடிந்து. உள்ளங்கையெல்லாம் சந்தனப் பொடி. கடையில் மாட்டியிருந்த அத்தனை முகங்களையும், எரிகிற பல்புகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எங்கட ஆள் எங்க?" என்றாள். சுவரைப் பார்த்தவனைத் திருப்பிக் காட்டினார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் கமலா சொன்ன தூணைப் பற்றிச் சொல்லவேண்டியிருந்தது. சொன்னார். தவமலர் முழுக்கக் கேட்டாள். "அவா எனக்கு இதைச் சொல்லேல்லயே" என்று மட்டும் சொன்னாள். வெளியே காளாப்பட்டு பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டு போனது.

"அம்மா," என்றார் கிறிஸ்துதாஸ், "நான் மாலைக்காகக் கேக்கல. பல்புக்காகவும் கேக்கல. அந்தப் பொண்ணு முகத்துக்காகக் கேக்கறேன். அவரு இருக்காரா?"

"இல்லை" என்றாள் தவமலர்.

அவ்வளவு நேராக வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த குறடைக் கீழே வைத்தார்.

"இல்லை அண்ணை. அவர் இல்லை. எனக்குத் தெரியும். வவுனியாச் சந்தியில சாமான் வாங்கப் போனவர். வேனில ஏத்தினதைக் கடைக்காரப் பெடியன் கண்டவன். வீதியில ஒரு செருப்புக் கிடந்தது, நான்தான் எடுத்தனான். அப்பிடிக் கொண்டுபோனவங்களில ஆர் திரும்பி வந்தது? எனக்கென்ன விசரோ, மூளை பிசகோ?"

"அப்புறம் ஏம்மா..."

"நான் சொல்லமாட்டன். அதான்." உள்ளங்கைப் பொடியைச் சேலையில் துடைத்தாள். "கொண்டுபோனவன் சொல்லவேணும். எங்க வைச்சிருந்தன், என்ன செய்தன், எங்க குழி வெட்டித் தாட்டன் எண்டு அவன் வாயால சொல்லவேணும். அவன் சொல்லாமல் நான் ஏன் அவனுக்காகச் சொல்லுறது? அங்க இவற்ர அம்மா, என்ர மாமியிட்ட அரசாங்க ஆக்கள் வந்து கேட்டவங்கள், மரணச் சான்றிதழ் தாறம், வாங்கிக்கொண்டு வீட்ட போங்கோ எண்டு. மனுசி வாங்கேல்ல. பிள்ளையளைத் தேடுற மற்ற அம்மாமாரோட வீதியோரப் போராட்டக் கொட்டிலில இவற்ர படத்தைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவா. வரியக்கணக்கா. போன ஆவணியில அவாவும் போயிட்டா. இப்ப இவரைத் தூக்கிப் பிடிக்க அங்க ஆளில்லை. அதுக்குத்தான் உங்களிட்ட வந்தனான். பாரமில்லாமல் வேணும் எண்டனான்."

பாரமில்லாமல். கிறிஸ்துதாஸ் தேக்கு நிறச் சட்டத்தைப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்து, பின்னால் தான் திருகிய இரண்டு கொக்கிகளைப் பார்த்தார்.

"மாலை போட்டா எல்லாரும் கும்பிட்டுப்போட்டுப் போயிடுவினம் அண்ணை. எங்க எண்டு ஒருத்தரும் கேட்கமாட்டினம். அண்டைக்கு மேடையில கண்டனீங்கள்தானே."

கண்டார். முன்வரிசைக் கிழவர் எழுந்து கும்பிட்டதைக் கண்டார்.

"சம்மந்தியிட்ட இதைத்தான் சொல்லப்போறன், இப்பிடியே. மகளிட்டயும். கல்யாணத்தண்டு நான் மேடையில நிப்பன், குங்குமத்துக்காக இல்லை, இவரைப் பிடிச்சுக்கொண்டு நிக்க ஆள் வேணும் எண்டதுக்காக. அவாவும் தூணுக்குப் பின்னால நிக்காமல் வந்து என்ர பக்கத்தில நிக்கட்டும். விருப்பமெண்டா நிக்கட்டும். இல்லையெண்டா..." முடிக்கவில்லை.

அவர் எழுந்து வேலையைப் பார்த்தார். மாலையைக் கழற்றினார். பல்பைக் கழற்றினார். கண்ணாடியை எடுத்து, சட்டத்தைப் பிரித்து, கொக்கிகளை டப்பாவில் போட்டார். தங்க எழுத்துப் படத்தைச் சுருட்டி மேசைக்கடியில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் பழைய சின்னப் படத்தைத் திறந்தார். இந்தமுறை உதட்டை இழுத்து ஒட்டாமல் விட்டுவிட்டார். அந்த மனிதனின் வாய் மறுபடி லேசாகத் திறந்துகொண்டது. புதிதாகப் பிரிண்ட் எடுத்து, காகிதம் போலப் பாரமில்லாத வெள்ளைப் பலகையில் ஒட்டி, கையைக் கிழிக்காதபடி ஓரங்களுக்கு டேப் சுற்றினார். கீழே எதுவும் எழுதவில்லை.

வழக்கப்படி முகத்தை உள்பக்கமாக வைத்து பேப்பரில் சுற்றப் போனார்.

"சுத்த வேண்டாம்" என்றாள்.

அவள் அதை நெஞ்சோடு சேர்த்து, இரண்டு கையாலும் ஓரங்களைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். பஸ் ஸ்டாப்பில் சனிக்கிழமைக் கூட்டம். பூக்காரி பார்த்தாள். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று பார்த்தார். கும்பிடக் கையை எடுத்தவர், மாலையைக் காணாமல் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஹேண்டில்பாரிலேயே திரும்ப வைத்தார். பலகையை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்திருந்ததில் தவமலரின் முகம் தெரியவில்லை. பலகைக்கு மேலே வகிடும் வாடின பூவும்தான் தெரிந்தன. அதற்குக் கீழே அந்த இளைஞன், புது ஊரில் வந்திறங்கி யாரிடமோ வழி கேட்கப்போகிறவனைப் போல, வாய் லேசாகத் திறந்து, வருகிற போகிற ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.